பதினாலாவது கம்பி

சொர்ணலதாவுக்குக் கோலம் போட வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், டேப்லெட்டில் கேட் டிசைன் வரைகிற பெண் என்றதும் எல்லாம் மார்கழிக் கோலத்தில்தான் ஆரம்பித்திருக்கும் என்று நீங்களாகவே ஒரு கதை கட்டிவிடுவீர்கள். அவள் புள்ளி வைத்தால் வரிசை கோணும். கல்யாணமாகி, புருஷன் காளியப்பனின் ஊரான ராமாபுரத்துக்கு வந்த வருஷம் அவள் போட்ட பொங்கல் கோலத்தைப் பார்த்து மாமியார், "கோழி கெளறுனாப்புல இருக்குது" என்று சொன்னது ஊரில் இன்றைக்கும் பேச்சு. ஆனால் கண்ணளவு அவளுக்குத் துல்லியம். பஸ்ஸில் போய்க்கொண்டே ஒரு வீட்டைப் பார்த்து, "அந்த ஜன்னல் ரெண்டு இஞ்சு எறங்கி நிக்குது பாருங்க" என்பாள். காளியப்பன் இறங்கிப் போய் அளந்தா பார்க்க முடியும்? ஆமாம் என்று ஒத்துக்கொள்வான்.

காளியப்பன் வெல்டர். மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் பின்னால் உதயகுமாரின் கிரில் பட்டறையில் பதினொரு வருஷமாக வேலை, குடியிருப்பும் மைசூரிலேயே. சொர்ணலதாவுக்குக் காலை ஆறரையிலிருந்து இரண்டு மணிவரை ஊதுபத்தி கம்பெனியில் பேக்கிங். வீட்டுக்கு வரும்போது புடவையெல்லாம் சந்தன வாசனையாக இருக்கும், நகக்கண்ணெல்லாம் கரித்தூளாக இருக்கும். "எங்கூட்ல தெனமும் வெள்ளிக்கெழமதான்" என்று காளியப்பன் கேலி பேசுவான். டேப்லெட், கொரோனா வருஷத்தில் மகள் மனிஷாவின் பாடத்துக்காக வாங்கியது. மனிஷா இப்போது மண்டியாவில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். மூலையில் கீறல் விழுந்த டேப்லெட் அலமாரியில் துணிக்கு அடியில் கிடந்தது.

அது வெளியே வரக் காரணம் உதயகுமாரின் ஆல்பம். லேமினேட் செய்த நூற்றிருபது படங்கள், அத்தனையும் இருபது வருஷத்துக்கு முந்தைய கேட்டுகள். வருகிறவர்கள் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுக் கொட்டாவி விடுவார்கள். காளியப்பன் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டுவான். அது அவனுக்கு மட்டும்தான் புரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கொண்டுவந்த சொர்ணலதா, ஒரு வாடிக்கையாளரிடம் அவன் நடத்திய இந்தக் கூத்தைப் பார்த்தாள். அடுத்த வாரம் அந்த வாடிக்கையாளரின் வீட்டை டேப்லெட்டில் போட்டோ எடுத்து, அந்தப் போட்டோவின் மேலேயே விரலால் ஜன்னல் கிரில்லை வரைந்து காட்டினாள். அந்த மனுஷன் தன் வீட்டையே முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு வேறெதுவும் கேட்கவில்லை, அட்வான்ஸ் கொடுத்தார்.

அன்றிலிருந்து ஒரு டிராயிங்குக்கு முந்நூறு ரூபாய். மத்தியானம் வந்து, குளித்து, கரி போகக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். ஒரு வருஷத்தில் நாற்பது வீட்டுக்கு மேல் வரைந்துவிட்டாள். பணம் மனிஷாவின் ஹாஸ்டலுக்கு உதவியது என்பது உண்மை. ஆனால் காசை மட்டும் சொன்னால் நான் பாதி சொன்னவன் ஆவேன். ஊதுபத்தி கம்பெனியில் அவளுக்குப் பெயர் கிடையாது, நாற்பத்தாறாம் நம்பர். இங்கே அவள் வரைந்த ஜன்னல் மைசூர் விஜயநகரில் நிற்கிறது, பால்கனி போகாதிப் பக்கம் நிற்கிறது. பஸ் அந்த வழியாகப் போனால் அவள் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பாள். அவளுக்கு அது பெருமையாக இருந்தது. இருந்தால் என்ன தப்பு?

உதயகுமார் மைசூரிலேயே பிறந்த தமிழர், பேச்சில் கன்னடம் கலந்துவரும். சந்தோஷமாக இருக்கும்போதுகூட முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வார்.

"நோடம்மா, கஸ்டமர் குஷியாகுறாங்க, சரி. ஆனா இரும்பு ஒண்ணும் காகிதம் இல்ல, அழிச்சு எழுத. ஒரே ஒரு கேட் திரும்பி வந்துச்சுன்னா அன்னிக்கே இந்த டேப்லெட் வேலைய நிறுத்திடுவேன். மறுபடியும் ஆல்பம்தான். ஹௌதா, சரியா?"

"திரும்பி வராதுங்ணா."

"அவ்ளோ தைரியமா?"

"அளவு எடுத்துப் பண்ற வேலைக்கு என்னத்துக்குங்ணா பயம்?"

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை.

தை மாத ஆரம்பத்தில் கெம்பையனும் கெம்பம்மாவும் பட்டறைக்கு வந்தார்கள். ராமாபுரத்துக்குப் பக்கத்துக் கௌதள்ளிக்காரர்கள், மக்காச்சோளமும் மஞ்சளும் போடுகிற குடும்பம். மகன் உமேஷுக்கு மைசூரில் கம்பெனி வேலை என்பதால் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வாய்க்காலை ஒட்டி வீடு கட்டியிருந்தார்கள். பன்னிரண்டு அடிக்கு இரட்டைக் கதவு கேட் வேண்டும். கெம்பையன் எதற்கும் தலையாட்டுகிற மனுஷன். கெம்பம்மா எதற்கும் தலையாட்டாதவள்.

"மயிலு வேண்டாம் கண்ணு. எல்லா வூட்டு கேட்லயும் மயிலுதான் நிக்குது. நெட்டாக் கம்பி, மேல வேல் மொன. அம்புட்டுத்தான்."

"செரிங்க பெரீம்மா. கம்பி எண்ணிக்கையப் பத்தி நீங்க சொல்லவே வேண்டாம். நாங்களும் ராமாபுரந்தான்."

கெம்பம்மா முதல்முறையாகச் சிரித்தாள். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி. வீட்டுப் படியோ ஜன்னல் கம்பியோ எதுவானாலும், இந்திரன், எமன், ராஜா என்று மூன்று மூன்றாகச் சொல்லிக்கொண்டே எண்ணுவார்கள். இந்திரனில் முடியலாம், ராஜாவில் முடியலாம். எமனில் முடிந்தால் அந்த வீட்டில் குடியேற மாட்டார்கள். நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் சொர்ணலதாவே, "நம்புறவங்க குடியிருக்கோணும்ல" என்றுதான் சொல்வாள். நாற்பது வீட்டு ஜன்னலையும் அவள் எண்ணித்தான் வரைந்தாள்.

இந்த கேட்டையும் எண்ணினாள். இரட்டைக் கதவு என்பதால் இடது கதவை மட்டும் வரைந்தாள். டேப்லெட்டில் ஒரு பொத்தானைத் தொட்டால் வலது கதவு கண்ணாடியில் பார்த்ததுபோல் தானாக வந்துவிடும். இடது கதவில் ஏழு கம்பி. இந்திரன், எமன், ராஜா, இந்திரன், எமன், ராஜா, இந்திரன். திருப்தியாகப் பொத்தானைத் தொட்டாள்.

கிரகப்பிரவேசம் வியாழக்கிழமை. புதன்கிழமை காலையில் காளியப்பன் லக்கேஜ் ஆட்டோவில் கேட்டைக் கொண்டுபோய்த் தூணில் மாட்டினான். பனிக்காலமானதால் பெயிண்ட் காய நேரம் எடுத்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினான். மத்தியானம் சொர்ணலதா வீட்டில் ஊறிய அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். ராத்திரிக்குக் களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும் என்று யோசனை. போன் அடித்தது. உதயகுமார்.

"என்னம்மா வரைஞ்சிருக்க? அந்த அம்மா கேட்டத் தொடவே மாட்டேங்கறாங்களாம். எமன்ல நிக்குதாம். கேட்டக் கழட்டிக்கிட்டுப் போங்கன்னு காளியப்பன்கிட்டச் சொல்லிட்டாங்க. நா இப்பவே போறேன்."

"எமன்லயா? ஏழு கம்பிங்ணா. எண்ணுனனே!"

"அதை அங்க வந்து சொல்லு. மேட்டகள்ளி சர்க்கிள்ல நில்லு."

கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, டேப்லெட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள். லக்கேஜ் ஆட்டோவின் பின்னால் வெல்டிங் மிஷின், கேபிள் சுருள், கொஞ்சம் கம்பி, இரும்புப் பட்டை. முன்சீட்டில் டிரைவருக்கும் அவளுக்கும் நடுவில் உதயகுமார். அவர் மடியில் ஆல்பம்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் டேப்லெட்டைத் திறந்து முழு கேட்டையும் பார்த்தாள். விரல் வைத்து எண்ணினாள். இடது கதவு ஏழு, இந்திரனில் நின்றது. விரல் நிற்காமல் வலது கதவுக்குப் போனது. எமன், ராஜா, இந்திரன்... பதினாலாவது கம்பியில் எமன். அவள் பாதியை வரைந்தாள், பாதியை எண்ணினாள். மீதிப் பாதியை டேப்லெட் வரைந்தது. அதற்கு இந்திரனையும் தெரியாது, எமனையும் தெரியாது.

"அண்ணா, தப்பு என்னோடதுதாங்க."

உதயகுமார் திரும்பவில்லை. "கேட் திரும்பி வருது. நா சொன்னது ஞாபகம் இருக்குதில்ல?"

"இருக்குதுங்ணா. இன்னும் திரும்பி வரலியே."

வாய்க்காலோர வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். வாழைமரம் கட்டுகிறவன் கேட்டுக்குப் பக்கத்தில் வராமல் தள்ளி நின்றான். கெம்பம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். காளியப்பன் முகம் செத்துப்போயிருந்தது.

"நாந்தான் கம்பி வெட்டறப்ப எண்ணிக்கையில பிசகிட்டனுங்க பெரீம்மா. டிராயிங்கு செரியாத்தான் இருந்துது" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது இவர்கள் இறங்கினார்கள்.

சொர்ணலதா நேராக நடுவில் போய் நின்றாள். "ஏனுங்க, என்னத்துக்குப் பொய் சொல்றீங்க? அவுரு வெட்டுனதுல ஒரு கொறையுமில்லீங்க பெரீம்மா. வரைஞ்சது நானு. ஒரு கதவ எண்ணிப்போட்டு முழு கேட்டும் எண்ணுனாப்புல நெனச்சுட்டேன்."

"ஏ புள்ள, நீ சும்மா இரு" என்றான் காளியப்பன், பல்லைக் கடித்துக்கொண்டு. "நா ஏத்துக்கறேன், உனக்குக் கெட்ட பேரு வேண்டாம்னு பாக்கறேன்."

"கெட்ட பேர நீங்க வாங்கிக்கிட்டா நல்ல பேரும் உங்குளுக்கே போயிருமில்ல? தப்பு என்னோடதுன்னாத்தான் வேலையும் என்னோடது."

கெம்பையன் தலையாட்டினார். கெம்பம்மா ஆட்டவில்லை.

"ஆரோட தப்பா இருந்தா எனக்கென்ன கண்ணு? நாளைக்கு வெடியக் காலம் பாலு காச்சோணும். கௌதள்ளியில இருந்து நூறு சனம் வருது. வர்றவ ஒவ்வொருத்தியும் எண்ணுவா. எம் மருமவ முழுகாம இருக்கறா, மூணு மாசம். எமன்ல நிக்கற வாசல்ல அவள எப்படி உள்ள கூட்டிட்டுப் போறது? நீயே சொல்லு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னாள். சொர்ணலதாவுக்கு அதுதான் சுருக்கென்றது. இது பிடிவாதம் என்றால் பேசித் தீர்க்கலாம். பயத்தைப் பேசித் தீர்க்க முடியாது.

உதயகுமார் ஆல்பத்தைத் திறந்தார். "அம்மா, இதுல வேற டிசைன் பாருங்க. பத்து நாள்ல புதுசாப் பண்ணிக் குடுக்கறோம். இப்போதைக்கு கேட்டக் கழட்டிடறோம்."

"கேட்டு இல்லாத வூட்டுலயா பாலு காச்சறது?" என்று கெம்பையன் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"கழட்ட வேண்டாமுங்ணா" என்றாள் சொர்ணலதா. கேட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். மூடிய இரண்டு கதவுக்கும் நடுவில் ஒன்றரை இஞ்சு சந்து. அதன் வழியாகப் பார்த்தால் வீட்டு நடைவரை தெரிந்தது. "ஏனுங்க, இந்தச் சந்தை மறைக்க ஒரு பட்டை வெக்கறதுதானே நம்ம வழக்கம்? இதுல ஏன் வெக்கல?"

"டிராயிங்குல இல்ல, வெக்கல" என்றான் காளியப்பன். சொன்ன பிறகு அவனுக்கே புரிந்தது. முகம் தெளிந்தது. "நடுவால ஒரு பட்டை, அதும் மேல ஒரு கம்பி. பதினஞ்சு. ராஜா!"

"ராஜாவா?" கெம்பம்மா விரல் விட்டு எண்ணினாள். உதடு அசைந்தது. "ஆமா, ராஜாதான்."

உதயகுமார் உயிர் வந்தவராக ஆட்டோ டிரைவரை ஏவினார். மிஷினை இறக்கினார்கள். புதிதாகத் தண்ணீர் தெளித்த வாசல், மண் நொதநொதவென்றிருந்தது. காளியப்பன் கம்பியை அளந்து, ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி, வெல்டிங் ராடைக் கவ்வியில் சொருகினான்.

"நில்லுங்க" என்றாள் சொர்ணலதா.

"இன்னும் என்ன?"

"அந்தப் பட்டை எந்தக் கதவோட சேருது?"

"வலது கதவோட."

"அப்ப கேட்டத் தெறந்து வெச்சா?"

காளியப்பன் ஹெல்மெட்டைத் தூக்கினான். அவள் எழுந்து வலது கதவைத் தள்ளித் திறந்து, ஒவ்வொரு கம்பியையும் தொட்டு எண்ணினாள். ஏழு. பட்டை வரப்போகிற ஓரத்தைத் தொட்டு, "எட்டு, எமன்" என்றாள். "நாளைக்குக் காலையில இருந்து பொழுதுக்கும் கேட்டு தெறந்துதானே கெடக்கும்? நூறு சனமும் தெறந்த கேட்லதானே உள்ள வரும்?"

வாழைமரக்காரன்கூட எண்ணிப் பார்த்தான். கெம்பம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அட ஆத்தா! நாங்கூடத் தெறந்து வெச்சு எண்ணலியே."

சொர்ணலதா டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அந்த வாசலை அப்படியே போட்டோ எடுத்தாள். கேட்டின் நடுவில் நாலு இஞ்சு பட்டை வரைந்து, அதன் மேல் ஒரு கம்பிக்குப் பதில் ஜோடியாக இரண்டு கம்பி நிறுத்தினாள். இரண்டையும் மற்றக் கம்பிகளைவிட அரையடி உயரமாக்கி, தலையில் வேல் முனை வைத்தாள். இந்தத் தடவை எந்தப் பொத்தானையும் தொடவில்லை, கையால் வரைந்தாள். கெம்பம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்களே எண்ணுங்க பெரீம்மா. எடது கதவு?"

"ஏழு. இந்திரன்."

"வலது கதவு?"

"ஏழும் ரெண்டும் ஒம்பது. ராஜா."

"ரெண்டையும் ஒட்டுக்கா மூடுனா?"

கெம்பம்மா திரையில் விரல் வைத்து எண்ண, படம் பெரிதாகிப் பெரிதாகி ஓடியது. "இதென்ன கண்ணு, தொட்டா நவுருது? நா மனசுலயே எண்ணிக்கறேன்." கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் கழித்துத் திறந்தாள். "பதினாறு. இந்திரன்."

"தெறந்தாலும் எமன் இல்ல, மூடுனாலும் எமன் இல்ல. ஒருக்களிச்சு வெச்சாலும் இல்ல."

கெம்பம்மா சொர்ணலதாவின் தாடையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "சீக்கிரம் பண்ணச் சொல்லு கண்ணு உம் புருசன. எம் மருமவ வர்றதுக்குள்ள."

மிஷின் ஈர மண்ணில் ஒரு பக்கம் அமுங்கிச் சாய்ந்தது. "அடியில எதாவது காய்ஞ்சதாக் குடுங்க, கரண்டு அடிச்சுரும்" என்றான் காளியப்பன். பலகை தேடினார்கள், கிடைக்கவில்லை. உதயகுமார் கையிலிருந்த ஆல்பத்தைப் பார்த்தார். நூற்றிருபது பக்கமும் லேமினேஷன், தண்ணீர் இறங்காது. குனிந்து அதை மிஷினுக்கு அடியில் தள்ளினார். அச்சாகப் பொருந்தியது.

காளியப்பன் ஜோடிக் கம்பி வைத்த பட்டையை வலது கதவின் ஓரத்தில் நிறுத்தி, நாலு இடத்தில் வெல்டிங் புள்ளி வைத்துப் பிடித்தான். தூரத்தில் போய் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்த சொர்ணலதா, "மேல ஒரு நூலு வலப்பக்கம்" என்றாள். காளியப்பன் அரைக்கால் இஞ்சு தட்டினான். "போதும்." பிறகு முழு வெல்டிங். நீல வெளிச்சம் பந்தல் துணியில் அடித்தது. ஓடிவந்த பிள்ளைகளை, "பாக்காதீங்கடா, கண்ணு போயிரும்" என்று கெம்பையன் விரட்டினார். கிரைண்டர் போட்டுத் தழும்பை வழித்து, பெயிண்ட் அடித்து முடிக்கும்போது வெயில் கரும்புக்காட்டுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. வாழைமரக்காரன் தானாகவே கேட்டுக்குப் பக்கத்தில் வந்தான்.

கிளம்பும்போது ஆல்பத்தை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. டிரைவர்தான் சேறோடு எடுத்துப் பின்னால் போட்டான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மூவரும் சாப்பாட்டுக்குப் போனார்கள். சொர்ணலதா கம்பெனிக்கு லீவு சொல்லியிருந்தாள். கேட் விரியத் திறந்து கிடந்தது. கெம்பம்மா சொன்னது பொய்யில்லை. கௌதள்ளியிலிருந்து வந்திறங்கிய பெண்கள் வாசலில் நின்று உதடு அசைத்து எண்ணிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். ஒருத்தி இரண்டு கதவையும் மூடி எண்ணிப் பார்த்து, மறுபடி திறந்துவிட்டாள். கெம்பம்மாவின் மருமகள் சுசித்ரா கேட் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பந்தியில் இட்லிக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டே கெம்பையனின் தம்பி சிவகுமார் காளியப்பனைப் பார்த்து, "நீங்க ஆருங்க, தெரியலியே?" என்று கேட்டார்.

காளியப்பன் வாயைத் திறப்பதற்குள் கெம்பம்மா பின்னாலிருந்து சொன்னாள். "கேட்டு வரைஞ்சா பாரு சொர்ணலதா, அவ வூட்டுக்காரரு."

உதயகுமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த முகத்தில் சிரிப்பை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். காளியப்பன் கூச்சத்தோடு, "ஆமாங்க. ஒட்டறது மட்டுந்தான் நானு" என்றான். ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொன்னான்.

சிவகுமார் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு சொர்ணலதாவிடம் வந்தார். "எனக்கும் கொள்ளேகாலத்துல வூடு முடியற நேரம். கேட்டு, மாடிப்படி, நாலு ஜன்னலு. டிராயிங்குக்கு எவ்வளவுங்க வாங்கறீங்க?"

உதயகுமார் முந்நூறு என்று சொல்ல வாயெடுத்தார். சொர்ணலதா இலையில் இருந்த கடைசி இட்லியை விண்டு, நிதானமாகத் தொட்டுச் சாப்பிட்டு முடித்தாள்.

"ஐந்நூறுங்க. தெறந்து ஒருக்கா, மூடி ஒருக்கா, ரெண்டு தடவ எண்ணித் தருவேன்."